கை மட்டும் தெரிகிற மனிதன்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் (வட்டம் என்று பேர்தான், ஆறு பேர், ஒரு மொட்டைமாடி அறை, சுற்றினால் சத்தம் போடும் ஒரு ஃபேன்) இளைய தோழர் ஒருவர் 'ஸ்டார் ட்ரெக்' பற்றிப் பேசினார். 1966ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளிக் கதைவரிசை அது. நடிகர்கள் மாறி, கப்பல்கள் மாறி, அரை நூற்றாண்டைத் தாண்டியும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. தோழரின் அக்கறை அதன் நடை மாற்றம். அறுபதுகளில் அட்டைப் பாறையும் முகத்தில் பூசிய சாயமுமாக இருந்த கிளிங்கான் இனத்தாருக்கு, 1979ல் வந்த சினிமாவில் நெற்றியில் மேடுபள்ளம் முளைத்துவிட்டது. கையில் காசு வந்தது, ஒப்பனை வந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. பழைய நெற்றி எங்கே போச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2005ல் இரண்டு அத்தியாயங்கள் செலவழித்து, மரபணுச் சோதனை, தொற்றுநோய் என்று ஒரு காரணம் கட்டினார்கள். ஒரு பிரதி தன்னுடைய ஒப்பனைச் செலவுக்குத் தானே வரலாறு எழுதிக்கொள்ள நேர்ந்த விசித்திரம் இது.

தமிழில் இந்த மாதிரி நீண்டு, உருமாறி, தன் உலகத்தைத் தானே பெருக்கிக்கொண்டே போன அறிவியல் புனைவு வரிசை எதுவும் இல்லை என்று அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சுஜாதாவின் ஜீனோவை ஒருத்தர் சொன்னார். அது இரண்டு நாவலோடு சரி. இருக்கிறது என்றேன் நான். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், சிவகாசியில் அச்சடித்து, சிவகாசியிலிருந்து தமிழ்நாடு முழுக்கப் போனது, இரும்புக்கை மாயாவி. அறை சிரித்தது. சிறுபிள்ளைச் சமாச்சாரம், அதுவும் இங்கிலீஷ்காரன் சரக்கு, அதில் விண்வெளியே பிரதானம் இல்லையே என்று மூன்று ஆட்சேபணைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அதைப் படித்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தகவலை முதலில் முடித்துவிடுகிறேன். 1962 அக்டோபரில் லண்டனில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகை தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடர் ஆரம்பம். எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர், பிறகு டாம் டுல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் ப்ளாஸ்கோ. பத்தாண்டு கழித்து, 1972ல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அதே குடும்பத்திலிருந்து 1984ல் லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் அதன் வழியாக நம்மை வந்தடைந்தார்கள்.

இனி கதைக்கு வருவோம். லூயிஸ் கிராண்டல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளன். விஞ்ஞானி அல்ல, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விஞ்ஞானி பேராசிரியர் பாரிஞ்சர். கிராண்டல் அவரிடம் வேலை பார்க்கிறவன். கதை திறக்கும்போதே அவனுடைய வலது கை போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு விபத்து. அதற்குப் பதில் எஃகுக் கை. அப்புறம் அதே ஆய்வுக்கூடத்தில் இரண்டாவது விபத்து. பேரளவு மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைந்துபோகிறது. மறையாமல் நிற்பது அந்த இரும்புக் கை மட்டும்.

ஒரே இடம், ஒரே முதலாளி, ஒரே தொழிலாளி, இரண்டு விபத்து. இதை விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அறிவியல் புனைவு என்று தோன்றுமா?

வேலை செய்த இடத்தில் அடிபட்ட அந்த மனிதன் நல்லவனாகத் தொடங்கவில்லை என்பதுதான் அந்தத் தொடரின் அசல் நெருப்பு. அவன் கோபக்காரன், திருடன். உடம்பு மறைந்ததும் கொள்ளையடிக்கிறான், ஊரை மிரட்டுகிறான். இதற்குப் பின்னால் ஹெச்.ஜி. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' (1897) இருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வெல்ஸின் க்ரிஃபின் தானே செய்த ஆராய்ச்சியில் தானே விரும்பி மறைந்தவன். கிராண்டல் அப்படியில்லை, இன்னொருத்தர் ஆராய்ச்சியில் இவன் மறைந்தான். அவனுக்கு நெருங்கிய உறவினன் வேறு ஒரு புத்தகத்தில் இருக்கிறான். ரால்ஃப் எல்லிசனின் 'இன்விசிபிள் மேன்' (1952) நாவலில் வரும் பெயரில்லாத கறுப்பின இளைஞன் ஒரு பெயின்ட் ஃபேக்டரியில் வேலைக்குப் போகிறான். அங்கே வெடிவிபத்து. ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் அவனுக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். முடிவில் நகரத்துக்கு அடியில் ஒரு நிலவறையில், மின்சாரத்தைத் திருடி ஆயிரத்துச் சொச்சம் பல்புகளை எரியவிட்டு வாழ்கிறான். விபத்து, மின்சாரம், மறைதல், திருட்டு. பல்மர் எல்லிசனைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்கூடம் ஒரு உடம்பை என்ன செய்யும் என்பதை ஒரு மகத்தான நாவலும் ஒரு நாலணாக் கதையும் ஒரே மாதிரிக் கனவு கண்டிருக்கின்றன.

ப்ளாஸ்கோவின் தூரிகை இந்தக் கட்டத்தில் இருட்டை மையாகத் தோய்த்து வரைகிறது. ஈரத் தெருக்கள், புகைப்படம் போன்ற முகங்கள், கதவிடுக்கில் தொங்கும் ஒரு கை. கூட்டத்தின் நடுவே, இடுப்பு உயரத்தில், ஆள் இல்லாமல் ஒரு கை போகிறது. யாரும் கீழே பார்ப்பதில்லை. எனக்கு இன்றும் வயிறு சில்லிடுவது அங்கேதான்.

அப்புறம் உலகம் பெருக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு வாரமும் பக்கம் நிரப்பியாக வேண்டும். திருடனை எத்தனை வாரம் ஓடவிட முடியும்? கிராண்டல் நல்லவனாகிறான். அவனை பிரிட்டிஷ் உளவுத்துறையின் 'நிழல் படை' சேர்த்துக்கொள்கிறது. இப்போது அவனுக்கு ஒரு அரசு, ஒரு மேலதிகாரி, ஒரு தேசம். கைக்குள்ளே துப்பாக்கி, வாயு என்று ஆயுதங்கள் குடியேறுகின்றன. ஜேம்ஸ் பாண்ட் படங்கள் சக்கைப்போடு போட்ட காலம், வேறென்ன நடக்கும். அறுபதுகளின் பின்பாதியில் அமெரிக்க சூப்பர் ஹீரோ அலை அடித்தபோது அவனுக்கும் ஒரு கவச உடை தைத்துப் போட்டார்கள். எடுபடவில்லை, கழற்றிவிட்டார்கள். 1971ல் மறுபடியும் திரும்பிவந்தான். எதிரிகளும் வளர்ந்தார்கள்: முதலில் போலீஸ், அப்புறம் ரகசியக் கும்பல்கள், பைத்தியக்கார விஞ்ஞானிகள், பாதாள நகரங்கள், மனிதரல்லாத ஜந்துக்கள். வில்லன்களில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்ணத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப்போவது ஒன்று உண்டு. உலகம் பெரிதாகப் பெரிதாக, முதல் விபத்து சின்னதாகிக்கொண்டே போகிறது. ஆரம்பத்தில் அந்தக் கை இழப்பு. உளவாளிக் கட்டத்தில் அது கருவி. கவச உடைக் கட்டத்தில் அது சின்னம், முத்திரை. 'கை எப்படிப் போச்சு?' என்று யாரும் கேட்பதில்லை. அவனும் கேட்பதில்லை. நடையும் அதற்கு ஒத்துழைக்கிறது: இருட்டு குறைந்து, கட்டங்கள் அகலமாகி, தாவலும் பாய்ச்சலும் கூடுகின்றன. கூட்டத்தில் இடுப்பு உயரத்தில் போன கை இப்போது ஆகாயத்தில் முஷ்டி மடக்கி நிற்கிறது. கிளிங்கான் நெற்றி மாறியதற்காவது அவர்கள் பின்னாளில் ஒரு காரணம் சொன்னார்கள். இங்கே மாறியது எதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொழிலாளி ஒரு சாகசக்காரனாகக் கரைந்துபோனதை யாரும் முரண்பாடாகவே பார்க்கவில்லை. நீண்ட கதைவரிசைகளில் 'உலகம் கட்டுதல்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் பாதி வேலை இப்படி முதல் காயத்துக்கு மேல் மண் போடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மாட்டலார்டும் 1971ல், அலெண்டேயின் சிலியில், டொனால்ட் டக் கதைகளைப் பிரித்துப் படித்தபோது கண்டுபிடித்தது என்ன? வாத்துகளின் ஊரில் பொருள் உண்டு, காசு உண்டு, உற்பத்தி செய்கிறவன் மட்டும் இல்லை. மார்க்ஸ் மூலதனத்தில் வாசகனைச் சந்தையின் வெளிச்சத்திலிருந்து கையைப் பிடித்து உற்பத்தியின் மறைவிடத்துக்குக் கூட்டிப்போகிறார். டிஸ்னி அந்தக் கதவையே சுவராகக் கட்டிவிட்டது. மாயாவி கதை அந்த மறைவிடத்துக்குள்ளேயே தொடங்கி, மெல்ல மெல்ல வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்ட கதை. அதனாலேயே அது டொனால்டைவிட சுவாரஸ்யமானது. சாத்திய கதவில் ஒரு கை மாட்டிக்கொண்டு இன்னும் தெரிகிறது.

தமிழுக்கு வந்தபோது நடந்த ஒன்றை நம் விமர்சகர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அவன் 'க்ளா'. அது மிருகத்தின் நகம், பிறாண்டுகிற சாதனம். சிவகாசியில் அதைக் 'கை' ஆக்கினார்கள். இரும்பு நகம் என்றோ எஃகுப் பிறாண்டி என்றோ போட்டிருக்கலாம், போடவில்லை. தமிழில் கை என்பது வெறும் உறுப்பா? கைக்கூலி, கைவேலை, கைநாட்டு, கை கொடுப்பது, கை விடுவது. தீப்பெட்டி ஆபீஸில் சாயங்காலம் எண்ணுவதும் கைக்கணக்குதான். (ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி தேடாதீர்கள். எங்க பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வது.) அதே மூச்சில் 'மாயாவி' என்றும் போட்டார்கள். மின்சாரத்தில் மறைந்தவனை மந்திரத்தில் மறைந்தவனோடு, மாயா பஜாரோடு, கொண்டுபோய் உட்கார வைத்தாயிற்று. ஆக, பெயரின் முதல் பாதி அவனைத் தொழிலாளியாக்குகிறது, மறுபாதி விபத்தை மாயமாக்குகிறது. தெரிந்து செய்ததா, தற்செயலா? மொழிபெயர்த்தவரின் மனசுக்குள் நான் போக முடியாது. ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த சொல் கைக்கு வந்திருக்கும்.

யார் மொழிபெயர்த்தார்கள் என்பதே பல இதழ்களில் கிடையாது. மூலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அந்தக் கால பிரிட்டிஷ் சிறுவர் பத்திரிகைகள் எழுதியவர் பேரையும் வரைந்தவர் பேரையும் போடுவதில்லை. ப்ளாஸ்கோவின் பேரைப் பின்னாளில் ரசிகர்களும் ஆய்வாளர்களும் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பார்சிலோனாவில் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழாகி, திருத்தங்கல் கடையில் தொங்கிய அந்தப் பக்கங்களில், வரைந்த கை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இந்தத் தொடரின் அடிப்படைப் படிமம் அதன் உற்பத்தி முறைக்கே பொருந்துகிறது.

எங்களுக்கு வரிசையும் கிடையாது. பழைய புத்தகக் கடையிலும் வாடகை நூலகத்திலும் எது கிடைத்ததோ அது. ஒரு வாரம் உளவாளி, அடுத்த வாரம் திருடன், அதற்கடுத்து கவச உடை. மறுபதிப்புகள் வேறு வந்து குழப்பும். லண்டன் பையனுக்கு மாயாவி திருந்தி முன்னேறியவன். எங்களுக்கு அப்படியில்லை, உளவாளியாக இருந்தவன் அடுத்த புத்தகத்தில் மறுபடி ஆய்வுக்கூடத்துக்கு வருவான், மறுபடி அடிபடுவான். ஷிப்டுக்குப் போகிற மாதிரி. இந்தக் கலைந்த வரிசைதான் சரியான வாசிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் இங்கே விபத்தும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: முப்பதுக்கும் மேற்பட்டோர் சாவு. அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிப்போனவர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர்ப் பக்கம் அச்சன்குளம். இடையிலும் பிறகும் நடந்தவற்றை நாளிதழின் உள்பக்கத்தில் தேட வேண்டும். அந்தச் செய்தி வாக்கியத்தைக் கவனித்திருப்பீர்கள்: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. உராய்வுதான் எழுவாய். ஒரு அறையில் எத்தனை பேர் இருக்க அனுமதி, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதெல்லாம் வேற்றுமை உருபாகக்கூட வருவதில்லை.

விண்வெளி எங்கே என்று கேட்ட தோழருக்கு இப்போது வருகிறேன். ஸ்டார் ட்ரெக்கில், 1969 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'தி க்ளவுட் மைண்டர்ஸ்' என்று ஒரு அத்தியாயம். ஒரு கிரகம். மேகத்தில் மிதக்கும் நகரத்தில் கலை, தத்துவம், பட்டுடை. கீழே சுரங்கத்தில் தாது வெட்டுகிறவர்கள். மேலே இருப்பவர்களின் நம்பிக்கை: கீழே இருப்பவர்களுக்குப் பிறவியிலேயே புத்தி மட்டு. உண்மையில் தாதுவிலிருந்து வரும் வாயுதான் அவர்கள் மூளையை மந்தமாக்குகிறது. கேப்டன் கிர்க் என்ன தீர்வு கண்டான்? முகமூடி. ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம். முதல் கதையை உருவாக்கிய டேவிட் ஜெரால்ட், தான் கேட்ட கேள்வி இந்த முகமூடியில் அடங்கிவிட்டதே என்று பின்னாளில் எழுதிக் குறைபட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் எத்தனையோ கிரகம், எத்தனையோ கப்பல். அந்தச் சுரங்கத்தில் என்ன ஆச்சு என்பது பின்வந்த தொடர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. நெற்றி மேட்டுக்கு இரண்டு அத்தியாயம் ஒதுக்கியவர்கள் இவர்கள்.

2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்தபோது எனக்கு அந்த மேக நகரம்தான் ஞாபகம் வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும். டில்லிக்காரன் மூச்சுவிட வேண்டும், நியாயம்தான். அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த வழக்கு முழுக்கப் பட்டாசு என்பது வெடித்த பிறகு காற்றில் இருக்கும் பொருளாகத்தான் பேசப்பட்டது. வெடிப்பதற்கு முன்னால் அது இருந்த கைகள் 'வாழ்வாதாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. அதையும் உரிமையாளர் தரப்பு வக்கீல்தான் அதிகம் சொன்னார். ஆலைகள் சில மாதம் மூடிக்கிடந்தபோது அந்தக் கைகள் என்ன செய்தன என்பது எந்தப் பக்கத்து வாதத்திலும் கதையாகவில்லை.

ஆர்ச்சி பற்றி நாலு வரி, போகிற போக்கில். 1952ல் 'லயன்' பத்திரிகையில் பிறந்தபோது அவன் வாய் பேசாத இயந்திரம், ரிமோட்டில் இயக்குவார்கள். அறுபதுகளின் நடுவில் அவனுக்குப் பேச்சும் சொந்த புத்தியும் வந்தன. 'ரோபோ' என்ற சொல்லே காரெல் சாபெக்கின் நாடகத்திலிருந்து, செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து, வந்தது. ஊழியக்காரனுக்குக் குரல் வந்தால் என்ன பேசுவான் என்று ஆவலாகப் பார்த்தால், நம்மாள் தற்பெருமை பேசினான். சிரிக்க வைத்தான், மறுக்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். எனக்கு மாயாவியை அறிமுகப்படுத்தியது பெரியம்மா மகன், எனக்கு எட்டு வயசு மூத்த அண்ணன். கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்துப் படித்துக் காட்டுவார். எண்பதுகளில் ஒரு சின்ன யூனிட்டில் மருந்து செலுத்தும் வேலையில் இருந்தபோது அவருக்கு வலது கையில் மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்த பையன்களில் ஒருத்தன், வயசுக் கோளாறு, 'அண்ணே, இனிமே நீங்க மாயாவிதான்' என்று சொல்லிவிட்டான். அவர் சிரித்தார். பல வருஷம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் இடது கையால் சாப்பிட்டதற்கு யாரோ முகம் சுளித்தபோது என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அந்தப் பய சொன்னது சரிதான் தம்பி. மாயாவி ஆகித்தான் போனேன். ஆளு ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல. கை மட்டும் எல்லாவனுக்கும் தெரியுது."

நான் மேலே எழுதியதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு எழுதிய உரைதான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

2022ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வருஷம் ஆனதை ஒட்டி, பெட்டியில் கிடந்த பழைய மாயாவி இதழ்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பெருவிரலையும் மிச்சமிருக்கிற விரலையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆய்வுக்கூடம் வரும் இடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் புரொபசர் இவனுக்கு ஏதாச்சும் நஷ்ட ஈடு கொடுத்தானாப்பா?"

ஞாபகம் இல்லண்ணே என்றேன். தேடிப் பார்ப்போம் என்று முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அந்த இதழில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அடுத்ததை எடுக்கச் சொன்னார்.